காலையில் எழாத பில்லிங் கணினி: 3306 போர்ட்டை எடுத்துக்கொண்டது யார்?

வாசகி ஒருவரின் நீண்ட கடிதம். குடும்பமாக நடத்தும் மளிகை மொத்த வியாபாரம், மூன்று பில்லிங் கவுன்டர். முதல் கவுன்டரில் உள்ள விண்டோஸ் 11 கணினியில்தான் மைஎஸ்க்யூஎல் 8.0 டேட்டாபேஸ் இருக்கிறது. மற்ற இரண்டு கவுன்டர்களும் கடைக்குள் இருக்கும் நெட்வொர்க் வழியாக அதில் இணைகின்றன. இரண்டு மாதமாகச் சில காலைகளில் ‘டேட்டாபேஸுடன் இணைய முடியவில்லை’ என்று வருகிறது. சர்வீசஸ் பட்டியலில் மைஎஸ்க்யூஎல்80 நின்றுபோயிருக்கிறது. ஸ்டார்ட் கொடுத்தால் 1067 என்ற பிழை. பெரும்பாலும் விண்டோஸ் அப்டேட் ஆன மறுநாள்தான் தொடங்குகிறது, அணைத்து அணைத்துப் போட்டாலும் போவதில்லை, எப்போதாவது ரீஸ்டார்ட் கொடுத்தால் தானாகச் சரியாகிறது.

கணினி பார்க்க வருபவர் முதலில் வைரஸ் என்றார். பிறகு ஃபயர்வாலை அணைத்தார். ஆறு வாரத்துக்கு முன் டேட்டாபேஸின் போர்ட் எண்ணை (மற்ற நிரல்கள் அதை வந்தடையும் கதவின் எண்) 3306-இலிருந்து 3307-க்கு மாற்றினார். கொஞ்ச நாள் ஓடியது. இந்த வாரம் மறுபடியும் அதே பிழை. இப்போது ஞாயிற்றுக்கிழமை ஃபார்மட் செய்து புதிதாக ஏற்றலாம் என்கிறார். பொறியியல் படிக்கும் மகன் அதே கணினியில் டாக்கர் (நிரல்களைத் தனித்தனிப் பெட்டிகளுக்குள் ஓட்டும் மென்பொருள்) ஏற்றிய பிறகுதான் இதெல்லாம் என்று வீட்டில் சண்டை. வாசகியின் கேள்விகள் நான்கு: யாராவது உள்ளே புகுந்துவிட்டார்களா? டாக்கரை நீக்கினால் போதுமா? போர்ட்டை வேறு எண்ணுக்கு மாற்றலாமா? தினமும் இரவு பேக்கப் ஓடுகிறது, பதினைந்து நாள் கோப்புகள் இருக்கின்றன, ஆகவே ஃபார்மட் செய்வதில் பயமில்லைதானே?

அன்புள்ள வாசகிக்கு,

நான்காவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்ற மூன்றும் தள்ளிப்போட்டால் தலைவலி மட்டும்தான். இது தவறினால் கடையின் கணக்கே போய்விடும். ஞாயிறு ஃபார்மட்டை இப்போதே நிறுத்திவையுங்கள்.

பேக்கப் கோப்பின் அளவைப் பாருங்கள்

பேக்கப் ஃபோல்டரைத் திறந்து, தேதிக்குப் பக்கத்தில் இருக்கும் சைஸ் நெடுவரிசையைப் பாருங்கள். உங்கள் இரவு பேக்கப் ஒரு பேட்ச் கோப்பு, அதாவது கட்டளைகளை வரிசையாக ஓட்டும் சிறு கோப்பு, என்று எழுதியிருக்கிறீர்கள். இத்தகைய பேட்ச் கோப்பில், டேட்டாபேஸை ஒரு கோப்பாக (‘டம்ப்’) எழுதித்தரும் மைஎஸ்க்யூஎல்டம்ப் கட்டளையின் முடிவில் ‘>’ குறியும் கோப்பின் பெயரும் இருக்கும். அந்தக் குறியைக் கண்டதும் விண்டோஸ் முதலில் காலிக் கோப்பை உருவாக்கிவிடும். அதன் பிறகே டம்ப் நிரல் டேட்டாபேஸைத் தேடிப் போகும். ஆறு வாரத்துக்கு முன் போர்ட் 3307 ஆனபோது பேட்ச் கோப்பையும் யாராவது திருத்தினார்களா? உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. திருத்தவில்லை என்றால் டம்ப் நிரல் இன்றும் 3306-இன் கதவைத்தான் தட்டிக்கொண்டிருக்கிறது. அங்கே ஆள் இல்லை. பிழைச் செய்தி இரவில் யாரும் பார்க்காத ஒரு கறுப்புச் சாளரத்தில் வந்து மறைகிறது. தேதி போட்ட 0 கேபி கோப்பு மட்டும் ஃபோல்டரில் விழுகிறது. பதினைந்து நாளுக்கு மேற்பட்ட கோப்புகளை அதே பேட்ச் அழித்துவிடுகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் கடைசி நல்ல பேக்கப் அழிந்து நான்கு வாரமாகியிருக்கும். என் யூகம் தவறாக இருந்தால் மிகவும் மகிழ்வேன், ஆனால் பார்க்காமல் நம்பாதீர்கள்.

இன்று டேட்டாபேஸ் ஓடுகிறது என்கிறீர்கள். கடை மூடியதும் கையால் ஒரு டம்ப் எடுங்கள். கட்டளைகளை இங்கே ஒலிப்படி தமிழில் எழுதுகிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். மைஎஸ்க்யூஎல்டம்ப் என்ற பெயருக்குப் பின் பயனர் பெயர், பிறகு பாஸ்வேர்டுக்குச் சிறிய ‘பி’, போர்ட்டுக்குப் பெரிய ‘பி’யுடன் 3307. இந்த இரண்டு ‘பி’க்களைக் குழப்பிக்கொள்பவர்கள் நிறையப் பேர். அதோடு --சிங்கிள்-டிரான்சாக்‌ஷன், --ரொட்டீன்ஸ், --ஈவென்ட்ஸ் மூன்றையும் சேருங்கள். டேட்டாபேஸுக்குள்ளேயே சேமித்துவைத்திருக்கும் சிறு நிரல்களில் டிரிகர்கள் தாமாகவே வந்துவிடும். ஸ்டோர்டு புரொசீஜர்களும் ஈவென்ட்களும் கேட்டால்தான் வரும். பில்லிங் மென்பொருள் அவற்றை நம்பியிருந்தால் அவை இல்லாத பேக்கப் பாதி பேக்கப்தான்.

இதைக் கமாண்ட் பிராம்ப்டில் செய்யுங்கள். விண்டோஸ் 11-இல் டெர்மினலைத் திறந்தால் பவர்ஷெல்தான் முதலில் வரும். அதில் ‘>’ போட்டால் கோப்பு யுடிஎஃப்-16 என்ற வேறு எழுத்துக் குறியீட்டு வடிவில் எழுதப்படும். அளவு பெரிதாகத் தெரியும், திரும்ப ஏற்றும்போது ஏறாது. பவர்ஷெல்லிலேயே செய்வதென்றால் ‘>’ குறிக்குப் பதிலாக --ரிசல்ட்-ஃபைல்= என்று கோப்பின் பெயரைக் கொடுங்கள்.

முடிந்ததும் கோப்பின் கடைசி வரியைப் பாருங்கள். ‘டம்ப் கம்ப்ளீட்டட் ஆன்’ என்று தேதி, நேரத்தோடு இருந்தால் டம்ப் நடுவில் அறுந்துபோகவில்லை. பிறகு பென்டிரைவில் போட்டு, வேறொரு கணினியில் மைஎஸ்க்யூஎல் ஏற்றி அதில் திரும்ப ஏற்றிப் பாருங்கள். நேற்றைய கடைசி பில் எண் அங்கே வந்திருக்க வேண்டும். இந்தச் சோதனையை அதே கணினியில் செய்ய வேண்டாம். டம்ப் எடுக்கும்போது --டேட்டாபேசஸ் என்ற சொல்லைச் சேர்த்திருந்தால், திரும்ப ஏற்றும்போது அது நேராக அசல் டேட்டாபேஸின் மேலேயே போய் உட்காரும்.

பிழைப் பதிவில் நீங்கள் அனுப்பிய இரண்டு வரிகள்

சி டிரைவில் புரோகிராம்டேட்டா என்ற மறைந்த ஃபோல்டருக்குள், மைஎஸ்க்யூஎல்லின் டேட்டா ஃபோல்டரில் கணினியின் பெயரும் .இஆர்ஆர் என்ற முடிவும் கொண்ட கோப்பிலிருந்து இரண்டு வரிகளை எடுத்து அனுப்பியிருந்தீர்கள். அதற்கு நன்றி; பாதி வேலையை அதுவே முடித்துவிட்டது. முதல் வரி, டிசிபி போர்ட்டில் அமர முயன்றபோது ‘அனுமதியால் தடுக்கப்பட்ட வழியில் சாக்கெட்டை அணுக முயன்றது’ என்கிறது. இரண்டாவது வரி, ‘வேறொரு மைஎஸ்க்யூஎல் சர்வர் ஏற்கெனவே இந்தப் போர்ட்டில் ஓடுகிறதா?’ என்று கேட்கிறது.

உங்கள் தொழில்நுட்பர் இரண்டாவது வரியைப் பிடித்துக்கொண்டு ஆள் தேடப் போய்விட்டார். அந்த வரி, போர்ட்டில் அமர முடியாதபோதெல்லாம் காரணம் எதுவானாலும் வரும் பொதுக் கேள்வி. உண்மைக் காரணத்தைச் சொல்வது முதல் வரி. வேறொரு நிரல் அந்தப் போர்ட்டில் உட்கார்ந்திருந்தால் விண்டோஸ் 10048 என்ற பிழையைத் தரும். அதன் வாசகம் ‘முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது’ என்ற பொருளில் இருக்கும். உங்களுக்கு வந்தது 10013, அனுமதி இல்லை என்பது. நாற்காலியில் ஆள் இருப்பது வேறு, காலி நாற்காலியில் துண்டு போட்டு வைத்திருப்பது வேறு.

நெட்ஸ்டாட் -ஏஎன்ஓ கட்டளையில் 3306, 3307 எதுவுமே தெரியவில்லை என்று நீங்கள் குழம்பியதும் இதனால்தான். நெட்ஸ்டாட் உட்கார்ந்திருப்பவர்களை மட்டும்தான் காட்டும், துண்டைக் காட்டாது. துண்டு போட்ட பட்டியலைப் பார்க்க, கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து இதைத் தட்டுங்கள்:

நெட்எஸ்எச் இன்ட் ஐபிவி4 ஷோ எக்ஸ்குளூடட்போர்ட்ரேஞ்ச் புரோட்டோகால்=டிசிபி

தொடக்கம், முடிவு என்று இரண்டு நெடுவரிசை வரும். பிழை வரும் நாளில் பார்த்தால், 3218 முதல் 3317 வரை என்பதுபோல நூறு நூறு போர்ட்டாகப் பல வரிகள் இருக்கும் என்று எதிர்பார்க்கிறேன். அதில் ஒரு வரிக்குள் உங்கள் போர்ட் சிக்கியிருக்கும்.

ஒருவேளை நெட்ஸ்டாட்டில் 3306 தெரிந்தால் கதை வேறு. கடைசி நெடுவரிசையில் உள்ள பிஐடி எண்ணை எடுத்து, டாஸ்க்லிஸ்ட் /எஸ்விசி பட்டியலில் அது எந்த நிரல் என்று பாருங்கள். பெரும்பாலும் மகன் பாடத்துக்காக ஏற்றிய எக்ஸாம்ப் என்ற மென்பொருள் தொகுப்பில் உள்ள மரியாடிபி டேட்டாபேஸாக இருக்கும். அதுவும் 3306-ஐத்தான் கேட்கும். அதன் போர்ட்டை மாற்றினால் முடிந்தது.

துண்டு போடுவது யார், ஏன்

யாரும் உள்ளே புகவில்லை. இதைச் செய்வது விண்டோஸேதான். டாக்கர், டபிள்யூஎஸ்எல்2, ஹைப்பர்-வி போன்றவை (விண்டோஸுக்குள் லினக்ஸையோ வேறொரு மெய்நிகர் கணினியையோ ஓட்டும் வசதிகள்) ஓட விண்டோஸ் உள்ளுக்குள் ஒரு மெய்நிகர் நெட்வொர்க்கை அமைக்கிறது. அதற்கான முகவரி மாற்றத்தைப் பார்த்துக்கொள்ளும் வின்நாட் என்ற பகுதி, தனக்குத் தேவைப்படலாம் என்று போர்ட்களைக் கட்டுக் கட்டாக முன்பதிவு செய்துகொள்கிறது. எங்கிருந்து எடுக்கிறது? ‘டைனமிக் போர்ட்’ என்ற பொதுக் கிடங்கிலிருந்து. விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் அந்தக் கிடங்கு 1025 முதல் 5000 வரை. விஸ்டாவிலிருந்து 49152 முதல் 65535 வரை. கிடங்கு அங்கே இருந்தால் 3306-க்கு அருகில்கூட வின்நாட் வராது.

ஆனால் பல கணினிகளில் இந்தக் கிடங்கின் தொடக்கம் 1024 என்று மாறிக் கிடக்கிறது. உங்களுடையதும் அப்படித்தான் இருக்க வேண்டும். இல்லையென்றால் மூவாயிரத்துச் சொச்சத்தில் முன்பதிவு விழ வாய்ப்பில்லை. சரிபார்க்க:

நெட்எஸ்எச் இன்ட் ஐபிவி4 ஷோ டைனமிக்போர்ட் டிசிபி

ஸ்டார்ட் போர்ட் 49152, எண்ணிக்கை 16384 என்று வர வேண்டும். 1024 என்று வந்தால் நோயின் வேர் கையில் கிடைத்துவிட்டது. 3306 மட்டும் அல்ல, வேறு டேட்டாபேஸ்களான எஸ்க்யூஎல் சர்வரின் 1433, போஸ்ட்கிரெஸின் 5432 எல்லாமே அந்தக் கிடங்குக்குள் வந்துவிடும்.

சில நாள் வருகிறது, சில நாள் வருவதில்லை என்ற புதிருக்கும் இதுவே விடை. ஒவ்வொரு முழு ரீஸ்டார்ட்டின்போதும் கட்டுகள் வேறு இடத்தில் விழுகின்றன. மைஎஸ்க்யூஎல் முந்திக்கொண்டு அமர்ந்துவிட்டால் வின்நாட் அதைத் தொடாது. வின்நாட் முந்தினால் மைஎஸ்க்யூஎல் வெளியே நிற்கும். இரவில் ஷட்டவுன் கொடுத்து அணைப்பதை முழு அணைப்பு என்று நினைக்கிறீர்கள். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இருந்தால் விண்டோஸ் தன் மையப் பகுதியையும் சர்வீஸ்களையும் உறங்கவைத்துவிட்டு, காலையில் அதே நிலையில் எழுப்புகிறது. அதனால்தான் நல்ல நிலை வாரக்கணக்கில் நீடிக்கிறது, அப்டேட் ரீஸ்டார்ட்டில் கெட்டால் அணைத்துப் போட்டும் தெளிவதில்லை. நீங்கள் கவனித்து எழுதிய அந்த ஒழுங்கு மிகச் சரியானது; அதை யாராவது காது கொடுத்துக் கேட்டிருந்தால் இரண்டு மாதம் போயிருக்காது.

3307 ஏன் கை கொடுக்கவில்லை

முன்பதிவு நூறு நூறாக நடக்கும்போது, ஒரு எண் தள்ளிப் போவதால் ஏறக்குறைய ஒன்றும் மாறுவதில்லை. 3306 சிக்கும் கட்டில் 3307-உம் சிக்கும். நடுவில் ஓடிய வாரங்கள் அதிர்ஷ்டத்தில் ஓடியவை. போர்ட்டை மாற்றுவதற்கு ஒரு விலையும் உண்டு: மூன்று கவுன்டர்களின் அமைப்பு, ஓடிபிசி இணைப்பு (மென்பொருள் டேட்டாபேஸோடு பேசும் வழி), ஃபயர்வால் விதி, பேட்ச் கோப்பு என்று ஒவ்வொன்றையும் நினைவு வைத்துத் திருத்த வேண்டும். ஒன்றை மறந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பேக்கப் ஃபோல்டர் சாட்சி. ஆகவே 3306-க்கே திரும்புங்கள்.

செய்ய வேண்டிய வரிசை

கடை மூடிய பிறகு, டம்ப் கையில் இருக்கும்போது தொடங்குங்கள். முதலில் கிடங்கை அதன் இடத்துக்கு மாற்றுங்கள்:

நெட்எஸ்எச் இன்ட் ஐபிவி4 செட் டைனமிக்போர்ட் டிசிபி ஸ்டார்ட்=49152 நம்=16384

ஐபிவி4 என்ற இடத்தில் ஐபிவி6 போட்டு ஒருமுறை, டிசிபி இடத்தில் யுடிபி போட்டும் செய்துவிடுங்கள். பிறகு ரீஸ்டார்ட், ஷட்டவுன் அல்ல. எழுந்ததும் முன்பதிவுப் பட்டியலை மறுபடி பாருங்கள். கட்டுகள் எல்லாம் 49152-க்கு மேலே போயிருக்க வேண்டும்.

அடுத்து, 3306-ஐ உங்கள் பெயரில் நிரந்தரமாக ஒதுக்கிவிடுங்கள்:

நெட்எஸ்எச் இன்ட் ஐபிவி4 ஆட் எக்ஸ்குளூடட்போர்ட்ரேஞ்ச் புரோட்டோகால்=டிசிபி ஸ்டார்ட்போர்ட்=3306 நம்பர்ஆஃப்போர்ட்ஸ்=1 ஸ்டோர்=பெர்சிஸ்டன்ட்

‘விலக்கிவைத்தால் மைஎஸ்க்யூஎல்லும் உட்கார முடியாதே’ என்று தோன்றும். இப்படிக் கையால் ஒதுக்கியது பட்டியலில் நட்சத்திரக் குறியோடு வரும். அதைத் தானியங்கி ஒதுக்கீடு தொடாது, 3306 வேண்டும் என்று எண் சொல்லிக் கேட்கும் நிரலுக்கு வழிவிடும். இந்தக் கட்டளை ‘கோப்பு வேறொரு நிரலின் பயன்பாட்டில் உள்ளது’ என்று முரண்டுபிடித்தால் அந்தப் போர்ட்டில் யாரோ இருக்கிறார்கள் என்று பொருள். 3306-இல் ஓடும் சர்வீஸை நிறுத்திவிட்டு, தேவைப்பட்டால் நெட் ஸ்டாப் வின்நாட் கொடுத்துவிட்டு மறுபடி முயலுங்கள். முடிந்ததும் நெட் ஸ்டார்ட் வின்நாட்.

பிறகு மைஎஸ்க்யூஎல்80-ஐ நிறுத்தி, அதன் அமைப்புகள் இருக்கும் மை.ஐஎன்ஐ கோப்பைத் திருத்துங்கள். போர்ட் என்ற வரி அதில் இரண்டு இடத்தில் இருக்கும்: கிளையன்ட் பகுதியில் ஒன்று, மைஎஸ்க்யூஎல்டி பகுதியில் ஒன்று. இரண்டையும் 3306 ஆக்குங்கள். நோட்பேடை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறக்காவிட்டால் சேமிக்க விடாது. சேமிக்கும்போது ‘யுடிஎஃப்-8 வித் பிஓஎம்’ என்று இருந்துவிடக் கூடாது. கோப்பின் தலையில் சேரும் கண்ணுக்குத் தெரியாத அந்த மூன்று பைட்டால் மைஎஸ்க்யூஎல் முதல் வரியிலேயே தடுமாறி, எழவே எழாது. கவுன்டர்களையும் பேட்ச் கோப்பையும் 3306-க்குத் திருப்பிவிட்டு சர்வீஸைத் தொடங்குங்கள்.

ஃபயர்வால், டாக்கர், ஃபார்மட்

ஃபயர்வாலை இன்றே மறுபடி போடுங்கள். போர்ட்டில் அமர முடியாத சிக்கலுக்கும் அதற்கும் தொடர்பில்லை. விண்டோஸ் ஃபயர்வால் வெளியிலிருந்து வரும் இணைப்புகளை வடிகட்டுகிறது, உங்கள் சர்வீஸ் போர்ட்டைத் திறக்கும் முன்பே தோற்றுவிட்டது. மைஎஸ்க்யூஎல் தன் இயல்பில் எல்லா நெட்வொர்க் முகவரியிலும் காது வைத்திருக்கும். ஆகவே ஃபயர்வாலில் 3306-க்கு ஒரு விதி போதும்: பிரைவேட் நெட்வொர்க்கில், லோக்கல் சப்நெட்டிலிருந்து மட்டும். ரூட்டரில் 3306, 3307 எதற்கும் போர்ட் ஃபார்வர்டிங் (இணையத்திலிருந்து உள்ளே வழிவிடும் அமைப்பு) இருக்கக் கூடாது, இருந்தால் எடுத்துவிடுங்கள். புகுந்துவிடுவார்களோ என்ற உங்கள் முதல் கேள்விக்கு உண்மையில் கவனிக்க வேண்டிய இடம் அதுதான்.

மகனைத் திட்ட வேண்டாம். டாக்கர் வந்ததால் முன்பதிவு தொடங்கியது என்பது சரி. ஆனால் அது மூவாயிரத்தில் வந்து விழுந்ததற்குக் காரணம் இடம் மாறிய கிடங்கு. டாக்கரை நீக்கினாலும் ஹைப்பர்-வி, விண்டோஸ் சாண்ட்பாக்ஸ் போன்ற அம்சங்கள் திறந்திருந்தால் இதே கதை தொடரும். மேலே சொன்ன இரண்டு திருத்தத்துக்குப் பிறகு டாக்கர் இருந்தாலும் பாதகமில்லை. ஆனாலும் பில்லிங் கணினியில் பாடம் படிப்பதை நான் ஏற்கமாட்டேன். பழைய மடிக்கணினி ஒன்று கிடைத்தால்கூட அவனுக்கு அதைக் கொடுத்துவிடுங்கள். லினக்ஸுக்கு மாறினால் இந்தத் தொல்லையே இல்லை என்று யாராவது சொன்னால் அதுவும் பாதி உண்மைதான். அங்கே கிடங்கு 32768 முதல் 60999 வரை. 3306 தப்பிக்கும், மைஎஸ்க்யூஎல் 8 கூடவே திறக்கும் 33060 உள்ளே இருக்கிறது.

ஃபார்மட் இந்தச் சிக்கலுக்குத் தேவையே இல்லை. டாக்கரை மறுபடி ஏற்றி, கிடங்கு மறுபடி இடம் மாறினால் இதே பிழை வரும். சி டிரைவை அழித்தால் புரோகிராம்டேட்டாவில் உள்ள டேட்டா ஃபோல்டரும் சேர்ந்து போகும். ஜிஎஸ்டி சட்டப்படி கணக்குகளை ஆண்டறிக்கை தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். ‘கணினி ஃபார்மட் ஆகிவிட்டது’ என்பதை அதிகாரியிடம் விளக்கமாகச் சொல்ல முடியாது. எப்போதாவது ஃபார்மட் தவிர்க்க முடியாமல் போனால், சர்வீஸை நிறுத்திவிட்டு டேட்டா ஃபோல்டரை முழுதாக நகலெடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது எடுத்த நகலும், உங்கள் டேட்டாபேஸின் பெயருள்ள துணை ஃபோல்டரை மட்டும் எடுத்த நகலும் திரும்ப எழுவதற்கு உத்தரவாதமில்லை.

உங்கள் தொழில்நுட்பரிடம் சண்டை வேண்டாம். முன்பதிவுப் பட்டியலையும் டைனமிக் போர்ட் விவரத்தையும் படம் எடுத்து அவரிடம் காட்டுங்கள். பார்த்ததும் அவருக்கே புரியும். எல்லாம் செய்த பிறகும் ஒரு காலையில் சர்வீஸ் எழாவிட்டால், எதையும் தொடுவதற்கு முன் மூன்றை எடுத்து எனக்கு எழுதுங்கள்: .இஆர்ஆர் கோப்பின் கடைசி இருபது வரி, முன்பதிவுப் பட்டியல், நெட்ஸ்டாட் வெளியீடு. அதற்கு முன், இந்தப் பதிலைப் படித்து முடித்த கையோடு, பேக்கப் ஃபோல்டரின் சைஸ் நெடுவரிசை.